முசே லாக்ரோன் எழுதிய ஒரு பக்கம்

தெய்வசிகாமணி நான்தான், தம்பி. உட்காருங்க. அந்த பெஞ்சு வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி என் பக்கத்தில் வாங்க. என் பேரைச் சொல்லிக் கேட்டதும் கடைக்காரன் சிரித்தான், பார்த்தீங்களா? இந்த ஊரில் அப்படித்தான். சிகாமணி என்றால் புளுகு, புளுகு என்றால் சிகாமணி. அதற்கெல்லாம் வருத்தப்படுகிற ஆள் இல்லை நான்.

நீங்க பேசவே வேண்டாம். யாரென்று எனக்குத் தெரியும். புதுச்சேரி காலேஜில் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறவர். எதிர் வரிசை அரியபுத்திரியின் மகள் அமுதவல்லி உங்களை வரச் சொல்லியிருக்கிறாள், அப்பனிடம் இருக்கிற பாரீஸ் கடிதத்தைப் படித்துச் சொல்லணும் என்று. தலையை ஆட்டினால் போதும். அவள் பஸ் ஸ்டாப்பில் நின்று போனில் பேசியது, பஸ் வருவதற்கு முன்னால் இந்தக் கடைக்கு வந்துவிட்டது. அந்த வீட்டுக்குள் போகும் முன்னே என்னை வந்து பார்க்கணும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அங்கேதான் படித்தவர் என்று தெரிகிறது. ஒரு கிளாஸ் சொல்லுங்க. உங்களுக்கு வேண்டாமா? சரி, எனக்கு மட்டும் சொல்லுங்க.

முதலில் தெருவைப் பாருங்க. இங்கிருந்தே தெரியும். நடுவில் ஒரு சாக்கடை ஓடுகிறதே, அதுதான் எல்லை. அந்தக் காலத்தில் வடக்கு வரிசை பிரெஞ்சுக்காரன் சீமை, தெற்கு வரிசை இங்கிலீஷ்காரன் சீமை. இப்போது வடக்கு புதுச்சேரி, தெற்கு தமிழ்நாடு. சாராயக்கடை இந்தப் பக்கம், குடிக்கிறவன் எல்லாம் அந்தப் பக்கம். சாக்கடையைத் தாண்டி வரும்போது நேராக வருவான், போகும்போதுதான் அதில் விழுவான்.

இந்தக் கோடு எப்படி வந்தது தெரியுமா? பிரெஞ்சு கவர்னரும் இங்கிலீஷ் கலெக்டரும் சண்டை போட்டுச் சலித்துப்போய் ஒரு எருதை அவிழ்த்துவிட்டார்கள். எருது போகிற வழி எல்லை. அன்றைக்கு எருதுக்கு வயிறு சரியில்லை. நின்று நின்று போயிற்று. நின்ற இடமெல்லாம் பிரெஞ்சுக்காரனுக்கு ஒரு ஊர். அதனால்தான் புதுச்சேரி இப்படித் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. நம் தெருமுனைக்கு வந்ததும் அந்தக் கோடியில் ஒரு பசு நின்றதாம். எருது நேர்கோடாக ஓடிற்று. அதனால்தான் நம் தெருவில் மட்டும் எல்லை நூல் பிடித்த மாதிரி இருக்கிறது.

சிரிக்க மாட்டேன் என்கிறீர்களே. எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் சோற்றைப் பிசையாமல் சிரித்தார்கள். பரிமாறுகிறவன் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். அப்போது எதிர்ப் பந்தியிலிருந்து ஒருத்தன் எழுந்தான். இந்த அரியபுத்திரிதான். என்ன சொன்னான் தெரியுமா?

"அண்ணே, சாப்படற எடத்துல பொய் பேசாதீங்க. எங்கப்பா அந்தக் கோட்டாலதான் செத்தாரு. அது எருது போட்டது இல்ல."

அவ்வளவுதான். உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டான். கத்தவில்லை, ஒன்றுமில்லை. சிரித்தவன் எல்லாம் இலையைப் பார்க்கிறான். பாயசம் வந்தபோது ஒருத்தன்கூட என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பாயசம் இன்னும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது, தம்பி. ஒரு மனுஷன் கதையை நடுப்பந்தியில் நிறுத்தலாமா? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க.

அவன் அப்பன் கதை வேறு. பேர் பக்கிரி. தெற்கு வரிசை. அரியபுத்திரி அப்போது கைக்குழந்தை, தாய்க்குப் பால் இல்லை. பக்கிரியின் அக்காள் எதிர் வரிசையில், கூப்பிட்டால் காது கேட்கிற தூரம். அவளிடம் கப்பலில் வந்த பால்மாவு ஒரு டப்பா இருந்தது. பக்கிரி சாக்கடையைத் தாண்டிப் போய் வாங்கிக்கொண்டு திரும்பத் தாண்டினான். தூக்கிய காலைத் தரையில் வைக்கவில்லை, தெற்குச் சீமைச் சுங்கக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சு சீமையைச் சுற்றி வேலியும் காவலும் போட்டு வைத்திருந்த நேரம் அது. கடத்தல் என்று கம்பத்தில் கட்டி அடித்தார்கள். ஜெயிலில் போட்டார்கள். வெளியே வந்தவன் ரத்தமாகக் கக்கினான், அறுப்புக்கு முன்னே போய்விட்டான். டப்பா என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது.

அதற்கப்புறம் அரியபுத்திரிக்கு ஊரில் 'கடத்தக்காரன் மவன்' என்றுதான் பேர். நானும் கூப்பிட்டிருக்கிறேன். எல்லோரும் கூப்பிடும்போது நான் ஒருத்தன் கூப்பிடாமல் இருந்தால் அவனுக்கு என்னமோ போல இருக்காதா?

வளர்ந்து ஆளாகி, சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடுகிற வேலைக்குப் போனான். ஒரு கிலோ கூட்டி எழுத மாட்டான், ஒரு கிலோ குறைத்து எழுத மாட்டான். வண்டிக்காரர்கள் அவன் தலையைக் கண்டால் திட்டுவார்கள். அந்த மாதிரி ஆள். அவனுக்கு வாழ்க்கையில் ஒரே கேள்வி: எங்கப்பன் திருடனா, இல்லையா. கலெக்டருக்கு எழுதினான், டில்லிக்கு எழுதினான். யார் பதில் போடுவார்கள்? கடைசியில், நம் ஊரையெல்லாம் இந்தியாவிடம் ஒப்படைத்த காலத்தில் பாரீசில் மந்திரியாக இருந்த ஒரு பெரிய மனுஷன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று எவனோ சொல்லியிருக்கிறான். பேர் முசே லாக்ரோன், முசே என்றால் ஐயா என்று உங்களுக்குத் தெரியுமே. அரியபுத்திரி டவுனுக்குப் போய், நொத்தேர் ஆபீசில் பத்திரம் எழுதுகிற சவரிநாதர் என்ற கிழவரைப் பிடித்துப் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டான்.

பதில் வந்துவிட்டது, தம்பி. அதுதான் வேடிக்கை. அந்தக் கிழட்டு மந்திரி பதில் போட்டுவிட்டான். ஆனால் பதில் வருவதற்குள் சவரிநாதர் செத்துப்போனார்.

அரியபுத்திரி உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறான், படிக்க ஆள் தேடி. நான் அந்தப் பக்கம் வருகிறேன். இதை ஆண்டவன் ஏற்பாடு என்றுதான் சொல்லணும். கல்யாணப் பந்திக்கப்புறம் அவனோடு நான் பேசினதே இல்லை. நானாகப் போய்ப் பேசினேன்.

"இன்னாத்துக்குப்பா டவுனுக்கு ஓடற? நான் சொல்தா ஊட்டுல இருந்தவன்தான?"

சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்சன் வாங்குகிற நம் ஊர் ஆள். ஒரு சொல்தா வீட்டில் கொஞ்ச காலம் சமைத்தேன். அது நிஜம். உப்பு, மிளகு, முட்டை, கழுதை, இதற்கெல்லாம் எனக்குப் பிரெஞ்சு தெரியும். படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

உறையைப் பிரித்துக் கொடுத்தான். ஒரே ஒரு தாள். தடிமன். மேலே என்னமோ அச்சு, நடுவில் டைப் அடித்தது, அடியில் மையில் கையெழுத்து. கையெழுத்து மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது, அதாவது அது கையெழுத்து என்று.

"இன்னாண்ணே போட்டிருக்குது?"

"இருப்பா. மொத வரியே எனக்குப் புடிக்கல."

"ஏண்ணே?"

"எல்லைய எருது போட்டுதுன்னு உங்க ஊர்ல ஒருத்தன் சொல்லினு திரியறானாமே, அவன் பெரிய பொய்யன், அவன நம்பாதேன்னு எழுதியிருக்கான்யா."

அரியபுத்திரி முகத்தைப் பார்க்கணுமே. "மன்னிச்சுக்குங்கண்ணே, நான்தான் அத எழுதச் சொன்னேன்" என்கிறான். எனக்கு அது தெரியாது, ஒரு யூகம்தான். எடை போடுகிறவன் ஒன்றையும் விட மாட்டான் என்று ஒரு கணக்கு. எறிந்த கல் சரியாகப் போய் விழுந்தது. யோசித்துப் பாருங்க தம்பி, தன்னைத் திட்டி எழுதியதைத் தானே வாய்விட்டுப் படிக்கிறவன் பொய் சொல்வானா? அந்த இடத்தில் அவன் விழுந்தான். அதற்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் அது பாரீஸ் சொன்னது.

உடனே கேட்டான், "எங்கப்பாவப் பத்தி எதுனா போட்டிருக்காரா?"

"ஒரு வரிகூட இல்லப்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்கிற மாதிரி பார்க்கிறீர்கள். எனக்குத் தெரியாது. அவன் அதைக் கேட்கத்தானே வந்தான், அதனால்தான் இருக்கும். அதைத் தவிர எதைக் கேட்டாலும் கொடுத்திருப்பேன். முகம் விழுந்துவிட்டது அவனுக்கு. பார்த்தால் எனக்கே பாவமாகப் போயிற்று. வெறுங்கையோடு அனுப்பலாமா? அடுத்த வரியைப் படித்தேன்.

"தெற்கு வரிசையும் பிரெஞ்சுக்குத்தான் சேரணுமாம். அந்தக் காலத்துல கோடு போட்டதுல தப்பு நடந்துபோச்சாம். சரி பண்ணப் போறாங்களாம். உங்க குடும்பத்துக்குப் பிரெஞ்சு நேசனாலிட்டி கிடைக்குமாம். பாரீசிலேர்ந்து ஆள் வருவான், அது வரைக்கும் இந்தக் காயிதத்த இன்னொருத்தன் கண்ணுல காட்டினா செல்லாதாம்."

கடைசி வரி முக்கியம், தம்பி. டவுன் முழுக்கப் பிரெஞ்சு படித்தவன் கிடக்கிறான். அந்த ஒரு வரி இல்லை என்றால் கதை அன்று சாயங்காலமே முடிந்திருக்கும்.

அதற்கப்புறம் மாதத்துக்கு ஒரு தரம் வருவான். "அண்ணே, இன்னொரு தபா படிச்சுச் சொல்லுங்கண்ணே." நானும் படிப்பேன். ஒரே மாதிரி படித்தால் எனக்கும் அலுப்பாக இருக்காதா? ஒவ்வொரு தரமும் ஒன்று சேர்ப்பேன். ஒரு தரம், பிரெஞ்சுக் குடிமகன் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று படித்தேன். கத்திரி வெயிலில் காலுறை போட்டு, ஷூ போட்டு, கரும்பு வண்டி மேல் ஏறி இறங்கினான். ஆலை முழுக்கச் சிரித்தது. ஒரு தரம், காலையில் ரொட்டிதான் சாப்பிடணும் என்று படித்தேன். அவனுக்கு ரொட்டி ஆகாது, வயிறு உப்பும். உப்பிய வயிற்றோடு சாப்பிட்டான். தெற்கு வரிசைக்கெல்லாம் பட்டா கொடுக்க ஆள் வந்தபோது, தமிழ்நாட்டுப் பட்டாவில் கையெழுத்துப் போட்டால் பிரெஞ்சு போய்விடும் என்று படித்தேன். அந்த வரிசையில் இன்றைக்கும் பட்டா இல்லாத வீடு அவனுடையது ஒன்றுதான்.

அவன் பெண்சாதி அஞ்சலாட்சி கொஞ்சம் கெட்டிக்காரி. ஒரு நாள் கேட்டாள், "ஏண்ணே, காயிதம் ஒரு பக்கந்தான கீது. படிக்கச் சொல்லோ எல்லாம் புதுசு புதுசா வருதே, அது எப்படி?"

"பிரெஞ்சு அப்படித்தாம்மா. தமிழ் மாதிரி மேலாக்க படிச்சா போதாது, தோண்டத் தோண்ட வரும்" என்றேன்.

அரியபுத்திரி அவளை ஒரு முறை முறைத்தான். அதற்கப்புறம் அவள் என் எதிரில் வாயே திறக்கவில்லை. சாகிற வரைக்கும் திறக்கவில்லை. நல்ல பொம்பளை. நான் போனால் மோர் கொடுப்பாள்.

அமுதவல்லி விஷயம்தானே கேட்க வருகிறீர்கள்? வருகிறேன், இருங்க. அப்போது அவளுக்குக் கல்யாண வயசு. பண்ருட்டிப் பக்கத்துப் பையன் ஒருத்தன், கலியமூர்த்தி என்று பேர், நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டர். அவள் ஏறினால் டிக்கெட் கிழிக்க மறந்துவிடுவான். பஸ்ஸுக்கே தெரியும். பையன் வீட்டார் முறையாக வந்து, தட்டு வைத்துப் பெண் கேட்டார்கள். அரியபுத்திரிக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கடிதத்தைக் கேட்காமல் செய்வானா? தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

அன்றைக்கு எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நிஜமாகவே ஒன்றும் தோன்றவில்லை. தாளைப் பிடித்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், கும்பிட்ட கையோடு. நான் ஒரு சொல் சொன்னால் ஒரு வீட்டில் மேளம் கொட்டும், ஒரு சொல் சொன்னால் கொட்டாது. இந்த மாதிரி யாரும் என்னைப் பார்த்ததே இல்லை, தம்பி. பந்தியில் சிரித்தவர்கள்கூட இப்படிப் பார்த்ததில்லை.

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்குத்தான் பிரெஞ்சு செல்லும்னு போட்டிருக்குதுப்பா" என்றேன்.

கலியமூர்த்தி காத்திருந்தான். பொறுமையான பையன். ஒரு நாள் பஸ்ஸை நிறுத்திவிட்டு இந்தக் கடைக்கே வந்தான், நான் உட்கார்ந்திருக்கிற இதே இடத்துக்கு. குடிக்கவில்லை. என் காலைத் தொட்டுவிட்டுச் சொன்னான், "பெரியவரே, நீங்க சொன்னா அவரு கேப்பாரு. இன்னும் ஒரு தபா படிச்சுப் பாருங்க." கல்லாவில் இருக்கிற இந்தப் பெட்டிக்காரன், சாராயம் குடிக்க வந்தவன் எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. படித்துப் பார்க்கிறேன் என்றேன். படித்தும் பார்த்தேன். 'இன்னும் ஒரு வருஷம் பொறு' என்று வந்தது. என்ன செய்வது? அவன் வீட்டில் பொறுக்கவில்லை, வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். அவனுக்கு நல்லதாகத்தான் போயிற்று. ரெண்டு பிள்ளை, மாடி வீடு.

அமுதவல்லி அப்படியே நின்றுவிட்டாள். இப்போது தலை நரைத்துவிட்டது. பால்வாடியில் ஆயா வேலை. என்னைத் தெருவில் கண்டால் உள்ளே போய்விடுகிறாள். நான் அவளைத் தூக்கி வளர்த்தவன் மாதிரி. அந்த மரியாதைகூடக் கிடையாது. இந்தக் காலத்துப் பெண்கள் அப்படி.

அரியபுத்திரி மட்டும் இன்றைக்கும் மாறவில்லை. நெஞ்சில் நீர் கோத்துப் படுத்த படுக்கையாகிவிட்டான். போன மாதம்கூடக் கூப்பிட்டு அனுப்பினான். போய்ப் படித்தேன். "ஆள் கிளம்பற மாதிரி தெரியுதாண்ணே?" என்றான். "துணிமணி எடுத்து வச்சுட்டான்" என்றேன். சிரித்தான். பல் இல்லாத வாயில் என்ன சிரிப்பு.

அதனால்தான் சொல்கிறேன், தம்பி. நீங்க அந்த வீட்டுக்குள் போய், படித்த திமிரில் கண்டதைப் படிச்சு வைக்காதீங்க. நான் சொல்லித் தருகிற மாதிரி படிங்க. முதல் வரியில் எருது வரும். அதை மறக்கக் கூடாது. அப்புறம் ஷூ, அப்புறம்...

என்ன?

இப்போது என்ன சொன்னீங்க?

அந்த வீட்டிலிருந்துதான் வர்றீங்களா? படிச்சாச்சா? இன்னொருத்தன் கண்ணில் காட்டினால் செல்லாது என்று சொல்லியிருந்தேனே, மகள் பேச்சைக் கேட்டுவிட்டானா? இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? நான் பேச விடவில்லையா. சரி, அதுவும் சரிதான். பெட்டிக்காரனே, இன்னொரு கிளாஸ். தம்பி கணக்கில்.

உள்ளதை உள்ளபடியே படிச்சீங்களா? நல்லது. அதில் என்னதான் இருக்கிறது? சொல்லுங்க, எனக்கும் தெரிஞ்சுக்க ஆசைதான். இத்தனை வருஷம் படித்தவன் இல்லையா. மெதுவாகச் சொல்லுங்க.

'உங்கள் தெருவில் கோடு போட்டவர்கள் உங்கள் தெருவைப் பார்த்ததில்லை. மேசை மேல் வரைபடத்தை விரித்து வைத்துப் போட்டார்கள்.' சரி. மேசை மேல் போட்டால் என்ன, தரையில் போட்டால் என்ன. எருது எவ்வளவு நன்றாக இருக்கிறது. மேலே சொல்லுங்க.

'ஒரு தெருவை விட்டுக்கொடுத்தாலும் எங்கள் தேசத்துக்கு அவமானம் என்று நாங்கள் நினைத்தோம். அதனால் அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. அது அரசியல் இல்லை, அகம்பாவம்.' மந்திரியாக இருந்தவன் பேசுகிற பேச்சா இது? தன் வீட்டுக் குப்பையைத் தானே தெருவில் கொட்டுகிறான். ம்.

'உங்கள் தகப்பனார் ஒரு ஊருக்குள்தான் நடந்தார். அதை இரண்டு ஊராக்கியது நாங்களும் ஆங்கிலேயர்களும். தன் பிள்ளைக்குப் பால் கொண்டுபோனவர் கடத்தல்காரர் இல்லை. திருடர் இல்லை. அந்தக் கோட்டை அப்படியே வைத்திருந்த காகிதங்களில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.'

அப்புறம்?

அவ்வளவுதானா? முடிந்துவிட்டதா? நேசனாலிட்டி, பணம், ஒன்றும் இல்லையா? சும்மா மன்னிப்பா? இதற்கா அவ்வளவு தடிமனான தாள்? நான் படித்தது எவ்வளவோ தேவலை, தம்பி. இதை அன்றைக்கே படித்திருந்தால் அவன் ஒரு நாள் அழுதிருப்பான், துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான், பெண்ணைக் கண்டக்டருக்குக் கட்டிக் கொடுத்திருப்பான். அதோடு தீர்ந்தது. என்னைத் தேடி ஒரு நாள் வந்திருப்பானா? நான் படித்ததால்தான் இத்தனை வருஷம் ஓடியது.

சரி, கேட்டுவிட்டு என்ன செய்தான்? அழுதானா?

அழவில்லையா? பின்னே?

திரும்பச் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்க, இவன்களும் கேட்கட்டும். 'இந்தப் புள்ளைக்குப் பிரெஞ்சு பத்தாது. எங்கப்பாவப் பத்தி காயிதத்துல இல்ல, இந்தப் புள்ளையா சொல்லுது. போய் சிகாமணி அண்ணன இட்டுனு வா. அவரு படிச்சாதான் சரி.'

கேட்டியாடா பெட்டிக்காரா? காலேஜ் வாத்தியாரை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். எடை போடுகிறவன். ஒரு கிலோ கூட்டியும் சொல்ல மாட்டான், குறைத்தும் சொல்ல மாட்டான். சிரிடா இப்போது.

அமுதவல்லியா? அவள் என்ன சொல்லி அனுப்பினாள்?

'டாக்டர் நாளைக்குத் தாங்காதுன்னுட்டாரு. எங்கப்பா, அவங்கப்பா திருடன் இல்லன்னு கேட்டுட்டுச் சாகணும். நான் சொன்னா நம்ப மாட்டாரு, வாத்தியார் சொன்னாலும் நம்ப மாட்டாரு. அந்தப் பெரியவரு வந்து அதுல இருக்கறத அப்படியே ஒரு தபா படிச்சாப் போதும். நான் அவர ஒண்ணும் கேக்க மாட்டேன்.'

ஒன்றும் கேட்க மாட்டாளா? கலியமூர்த்தியைப் பற்றிக்கூடவா? அப்படியா சொன்னாள்? உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டாளா? உங்களையா, என்னை நினைத்தா?

நல்ல பெண்தான். ஆனால் விவரம் பத்தாது. நீங்க படித்தவர், யோசிச்சுப் பாருங்க. நான் போய் உட்காருகிறேன். 'உன் அப்பன் திருடன் இல்லை' என்று படிக்கிறேன். சந்தோஷப்படுவான், சரி. அடுத்த நிமிஷம் கேட்பானா, மாட்டானா: 'அண்ணே, இந்த வரி இத்தினி நாளா எங்க இருந்துச்சு?' அதற்கு நான் என்ன சொல்வேன்? தோண்டத் தோண்ட வரும் என்றா? அவனுக்குப் புரிந்துபோகும், தம்பி. படுக்கையில் கிடந்தபடியே ஒவ்வொன்றாக எடை போடுவான். ஷூவை எடை போடுவான், பட்டாவை எடை போடுவான், அந்தப் பெண்ணை எடை போடுவான். சாகப்போகிறவனுக்கு இதெல்லாம் தேவையா?

இந்த ஊரில் என்னை நம்புகிறவன் அவன் ஒருத்தன்தான். அவனும் என்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டு போய்ச் சேரணுமா? அது மட்டும் நடக்காது. அப்பன் கதை எத்தனையோ வருஷமாகக் கிடக்கிறது, இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும். ஆள் விமானம் ஏறிவிட்டான் என்று படிக்கிறேன். அவனும் நிம்மதியாகப் போவான், எனக்கும் நிம்மதி.

கடிதம் உங்களிடமா இருக்கிறது? அவளே கொடுத்து அனுப்பினாளா? கொடுங்க இப்படி. ஆமாம், இதேதான். மடிப்பெல்லாம் கிழிந்துபோச்சு. இதில் அவன் அப்பனைப் பற்றி எந்த இடத்தில் இருக்கிறது? விரலை வைத்துக் காட்டுங்க. இங்கேயா? இந்தப் பழுப்புக் கறை இருக்கிற இடமா? எழுத்து மங்கிப்போய், நீங்க வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் படித்தீர்களா? அது வேறு ஒன்றும் இல்லை, தம்பி. என் கட்டைவிரல். எப்போதும் அங்கேதான் பிடிப்பேன். தாள் வாகாக நிற்கும்.

சரி, எழுந்திருங்க, போவோம். சாக்கடையைப் பார்த்துத் தாண்டுங்க, ஓரம் வழுக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீங்க. வாசல் வரைக்கும் வாங்க, உள்ளே வேண்டாம். பிரெஞ்சு தெரிந்த ஆள் பக்கத்தில் நின்றால் எனக்குப் படிக்க வராது.